கை எப்படி இருக்கு?

கோயிலுக்கு மாலை கட்டுகிறவர்களை விட்டுவிட்டால், மீசை வைத்த ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லிகை கட்டுகிற காட்சியை மதுரையில் ஒரே ஓர் இடத்தில்தான் பார்க்கலாம். வைகைக்கு வடகரையில் இருந்த தர்ம ஆஸ்பத்திரியின் பின்கட்டு அது. உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, பாய் விரித்து, நர்ஸ் பக்ருன்னிசா அதைப் பூக்கூடமாக்கியிருந்தாள்.

பக்ருன்னிசா காஜிமார் தெருக்காரி. யுத்தம் தொடங்கிய புதிதில் பெங்களூரில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வேலை பார்த்தாள். அங்கே விரல் மடங்காத சிப்பாய்களைக் கூடை முடைய வைத்தார்கள். மருந்து காயத்தை ஆற்றும், ஆனால் கைக்கு உயிர் கொடுப்பது வேலைதான் என்று அவள் மனதில் அன்றைக்கே பதிந்துபோயிற்று. மதுரையில் பிரம்புக்கு எங்கே போவது? பூ கிடைத்தது. மார்க்கெட்டில் மிஞ்சிய மொட்டுகளைப் பூக்காரி தங்கப்பொண்ணு காலையில் கொண்டுவந்து கொட்டுவாள். சாயங்காலம் சரமாக எடுத்துப்போவாள். கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் சேர்ந்து வாழைநாரை வளைக்க வேண்டும், இறுக்க வேண்டும், மொட்டும் நசுங்கக் கூடாது. விறைத்துப்போன விரலுக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது என்பது அவள் கட்சி.

வைத்தியம் என்றதும் வந்து உட்கார்ந்துவிட்டார்களா என்ன? அறை தொடங்கி ஒரு வருஷம் ஆன பிறகும், பஞ்சாலை பெல்ட்டில் வலது கையைக் கொடுத்து விரல் விறைத்துப்போய் வந்த விருமாண்டி, வாசலிலேயே நின்றுகொண்டான்.

"மீசைய வச்சுக்கிட்டுப் பூக் கட்டுறதாம்மா? எங்க மாமனாருக்குத் தெரிஞ்சா பொண்ணத் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு."

"மாமனாரு வந்தா நான் பேசிக்கிறேன். நீங்க நாரைப் பிடிங்கண்ணே" என்றாள் பக்ருன்னிசா.

இப்படி ஒவ்வொருவரையும் கெஞ்சியும் கிண்டல் செய்தும் உட்காரவைத்துத்தான் அந்த ஒரு வருஷமும் அறையை நடத்தியிருந்தாள். விருமாண்டி வந்த அந்தத் தை மாதத்தில்தான் பெரிய டாக்டர் வந்து நின்றார். அவர் பெயர் வெள்ளைத்துரை. பெயரைக் கேட்டுச் சீமைக்காரர் என்று நினைத்து வருகிறவர்கள், திருவாதவூர்க்காரர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு ஏமாந்துபோவார்கள். அறுவையில் கெட்டிக்காரர். பேச்சிலும் அறுத்துவிடுவார்.

"சிஸ்டர், சித்திரைத் திருவிழாக் கூட்டம் வரும். கூடவே காலராவும் வரும். கட்டில் போட எனக்கு இந்த ரூம் வேணும்."

"இங்க கை சரியாகிக்கிட்டு இருக்கு டாக்டர்."

"கட்டுப் பிரிச்ச கை நாள் போகப் போகத் தானாவே அசையத்தான் செய்யும். பூக் கட்டினதாலதான் அசைஞ்சுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கண்ணால பாக்குறேனே."

"உங்க கண்ணு பெத்தவ கண்ணு. பிள்ளை சுவரைப் பிடிச்சாலே நடந்துட்டான்னு சொல்லும். என் கண்ணையும் நம்ப வேண்டாம். எனக்கு ரூம் வேணும், அதனால எனக்கு ஒண்ணுமே தெரியாது."

கோபப்படலாம் என்று பார்த்தால், தன்னையும் சேர்த்தே குற்றம் சொல்லிக்கொள்கிற மனுஷர் மேல் எப்படிக் கோபப்படுவது? அவர் சொன்ன வழியும் நியாயமாகத்தான் இருந்தது. தை மாதத்திலிருந்து வருகிற கைகளில் ஒன்றுபோல அடிபட்டவற்றை எடுத்துக்கொள்வது. பாதிப் பேர் பூக் கட்டட்டும். மீதிப் பாதிப் பேருக்கு அதே கட்டு, அதே எண்ணெய், அதே சாப்பாடு. பூ மட்டும் கிடையாது. பங்குனி முடியும்போது இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பூவில் விஷயம் இருந்தால் அறை நிற்கும், வெளியே நின்றவர்களும் உள்ளே வரலாம். இல்லையென்றால் காலராக் கட்டில்.

"யார் எந்தப் பக்கம்னு நீங்க பிரிக்கக் கூடாது" என்றார் டாக்டர். "நீங்க தேறுற கையாப் பாத்து எடுத்துக்குவீங்க. காசைச் சுண்டிப் போடுங்க. கை எப்படி இருக்குன்னு அவங்கவங்களையே வாராவாரம் கேளுங்க. சொல்றதை அப்படியே எழுதுங்க. சொந்தக் கையைப் பத்தி அவனைவிட யாருக்குத் தெரியும்?"

காசு சுண்டுகிற விஷயத்தில்தான் முதல் சிக்கல் வந்தது. கை அடிபட்டு வந்திருந்த சம்சாரிகள் முகம் சுளித்தார்கள். இது என்ன சூதாட்டமா? ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு மாரியம்மன் கல் இருந்தது. அதன் முன்னால் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார்கள். சிவப்பு அரளியையும் வெள்ளை அரளியையும் தனித்தனியாக இலையில் பொதிந்து போட்டு, ஆளுக்கு ஒன்று எடுப்பது. கல்யாணமா, கிணறு வெட்டா, எதற்கும் அவர்கள் சாமியிடம் அப்படித்தான் கேட்பது வழக்கம். சிவப்பு வந்தால் உள்ளே, வெள்ளை வந்தால் வெளியே. காசு செய்கிற காரியத்தைப் பூ செய்கிறது, நமக்கென்ன என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார், பக்ருன்னிசாவும் ஒப்புக்கொண்டாள். காசு தலையா பூவா என்பதோடு வாயை மூடிக்கொள்ளும், சாமி அப்படி அல்ல என்பது படித்த இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

உறைக்கவைத்தவன் கொட்டாம்பட்டி முத்திருளன். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கும்போது வடத்துக்கும் உருளைக்கும் நடுவில் வலது கை மாட்டி, விரல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து விறைத்துப்போய் வந்தவன். அவன் பிரித்த இலையில் வெள்ளை அரளி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் மரத்தடியில் நின்றான்.

மறுநாள் காலை பூக்கூடத்து ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. அடுத்த நாளும் தெரிந்தது. மூன்றாம் நாள், குப்பையில் கிடந்த ஒரு வாழைநாரை எடுத்து, உள்ளே மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். பக்ருன்னிசா வெளியே வந்தாள்.

"அண்ணே, அது வேண்டாம். குடுங்க."

"ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன் நர்சம்மா. ஏர் பிடிக்கிற கை. எடது கையால சோறு திங்கிறேன், எம் பொண்டாட்டி ஒச்சாயி பாக்க மாட்டாம அங்கிட்டுத் திரும்பிக்கிறா. என்னையும் உள்ள விடுங்கம்மா."

"பங்குனி முடியட்டும். அப்புறம் நீங்கதான் முதல்ல."

"சாமியே வேணாம்னு சொல்லிருச்சு. நீங்க எங்கிட்டு விடப் போறீக" என்று சொல்லிவிட்டு நாரை அவள் கையில் கொடுத்தான்.

அந்த நாரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற நிலையைச் சொல்லி முடியாது. ஓர் ஆளுக்கு இரங்கினால் கணக்கு கெடும். கணக்கு கெட்டால் அறை போகும். அறை போனால் இனி வரப்போகிற அத்தனை கைக்கும் கதி இல்லை. இப்படியெல்லாம் அடுக்கடுக்காகக் காரணம் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டாள். மனது தேறவில்லை. ஆனாலும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டாள்.

வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரிடமும் போய், "கை எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டாள். பதிலை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். வெளியே இருந்தவர்கள், "நல்லா இருக்கும்மா", "ஒங்க புண்ணியத்துல தேவலை" என்றார்கள். பூக் கட்டினவர்களோ, "என்னத்த இருக்கு", "அப்படியேதான் கெடக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். விருமாண்டி ஒரு முழம் சரத்தைக் கட்டிப் பாயில் போட்டுவிட்டு, "ஒரு மாத்தமும் இல்லம்மா" என்றான்.

பங்குனி பாதியில் டாக்டர் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"பூக் கட்டினவங்களைவிடக் கட்டாதவங்கதான் நல்லா இருக்காங்க. நான் சொல்லலை சிஸ்டர், அவங்களே சொல்றாங்க. மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணிடுங்க."

வண்டிக்குக் காத்திராமல் பாலத்தில் நடந்தே வீட்டுக்குப் போனாள். ஆசைதான் கண்ணை மறைத்திருக்கிறது, இல்லாததை எல்லாம் பார்த்திருக்கிறோம், விருமாண்டியின் விரலை நாரால் அறுத்துப் புண்ணாக்கியதுதான் மிச்சம் என்று வழியெல்லாம் தன்னையே வைதுகொண்டாள். முத்திருளனை உள்ளே விடாதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்பில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

வீட்டு வாசலில் அவள் கணவன் சிஹாபுதீன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அத்தர்க் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருந்தான். பையனுக்கு இரண்டு வயது. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கும். அவளைக் கண்டதும் தாவி வந்து இடுப்பில் ஏறிக்கொண்டான். பாரம் தாங்காமல் அவள் சுவரில் சாய்ந்தாள். எதிர்வீட்டு அஜ்மல் பீவி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"என்ன பக்ரு, புள்ள நல்லாச் சாப்புடுறானா?"

"எங்கக்கா சாப்புடுறான்? ஒரு வாய் எறங்க மாட்டேங்குது. எலும்பும் தோலுமா எளைச்சுப் போயிட்டான்" என்றாள் பக்ருன்னிசா, மூச்சு வாங்க.

உள்ளே வந்ததும் சிஹாபுதீன் சிரித்தான். "எலும்பு எது, தோலு எதுன்னு கொஞ்சம் காட்டேன். காலையில என்கிட்ட என்ன சொன்ன? இவனைத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சுன்னியே."

"அதுக்காக? அவங்ககிட்டப் போய் புள்ள கொழுகொழுன்னு இருக்கான்னா சொல்லுவாங்க? கண்ணு பட்டுறாது?"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். பையன் அவள் காதைப் பிடித்து இழுத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சிஹாபுதீனுக்குப் பயமாகிவிட்டது. "என்னாச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. நான் ஒரு மடச்சி. வேறொண்ணுமில்லை."

இந்த ஊரில் தேறிவருகிற எதையும் யாரும் தேறிவருகிறது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. பயிர் நன்றாக நின்றால் "ஏதோ நிக்குது" என்பார்கள். கடை ஓடினால் "ஈ ஓட்டுறோம்" என்பார்கள். வாயைத் திறந்து நல்லதைச் சொன்னால் அது நிலைக்காது என்று பயம். போன உயிர் திரும்புகிற மாதிரி விரல் ஒன்று மெல்ல மடங்கத் தொடங்கும்போது, அதைப் போய் வெள்ளிக்கிழமை தவறாமல், நாலு பேர் கேட்க, நர்சிடம் ஒப்பிக்க எவன் துணிவான்? தேறாதவனுக்கு அந்தப் பயம் இல்லை. அவனுக்கு இருப்பது வேறு: தினமும் புண்ணைத் துடைத்து எண்ணெய் போட்டுவிடுகிற பெண்ணின் முகம் வாடக் கூடாது என்கிற மரியாதை. அதனால் "நல்லா இருக்கும்மா" என்கிறான். அப்படியென்றால் முத்திருளன் வாராவாரம் சொன்ன "நல்லா இருக்கும்மா" என்ன? அவளுக்கு வந்த சந்தோஷம் அந்த இடத்தில் நின்றுபோயிற்று.

மறுநாள் டாக்டரிடம் போய் இதைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒரு காரணம் சொல்லலாம் சிஸ்டர். அவங்க சொல்றதைத் திருப்பிப் போட்டுப் படிச்சுக்கணும்னு நீங்க சொன்னா, நான் எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம் டாக்டர். இவங்க இப்படித்தான்னு நான் சொல்றதும் என் ஊகம்தான். இனிமே வாயைக் கேக்க வேண்டாம், கையைப் பாப்போம். சாப்பாட்டுப் பந்தியில. பாக்குறது நானும் இல்லை, நீங்களும் இல்லை. யார் எந்தப் பூ எடுத்தாங்கன்னே தெரியாத ஒரு ஆளு."

டாக்டர் யோசித்தார். யுத்த காலத்து ரேஷன் அரிசி. வேண்டுமென்றே சோற்றைச் சிந்துகிறவன் மதுரை ஜில்லாவில் இல்லை. வலது கை வருகிறவன் இடது கையால் சாப்பிட்டு நடிக்கவும் மாட்டான். அந்த அவமானத்தை ஒருவரும் வலிய ஏற்கமாட்டார்கள்.

"பரவை அழகுமலை வாத்தியாரைக் கூப்பிடுறேன்" என்றார். "நம்ம கமிட்டி மெம்பர். பூக்கூடம் ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, இதுல என்ன வந்தாலும் அதோட முடிஞ்சுது. அடுத்த காரணம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

பங்குனிக் கடைசியில் பந்தி நடந்தது. அழகுமலை வாத்தியார் ஜிப்பாவை மடித்து விட்டுக்கொண்டு ரச வாளியோடு வரிசையில் போனார். எட்டிப் பார்க்கிற ஆள் முன்னால் சாப்பிடத்தான் கூச்சம். பரிமாறுகிறவரை யார் பொருட்படுத்துவார்கள்? யார் வலது கையால் பிசைகிறார்கள், யார் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகிறார்கள் என்று இலைக்கு இலை பார்த்துப் பக்கத்து அறையில் வந்து டாக்டரிடம் சொன்னார். பக்ருன்னிசாவை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தார்கள்.

வாத்தியார் இலையைச் சொல்லச் சொல்ல, டாக்டர் அதற்கு நேரே ஆளின் பூவைச் சொன்னார். சிவப்பு, வலது கை, சிந்தவில்லை. சிவப்பு, வலது கை, கொஞ்சம் சிந்தினார். வெள்ளை, இடது கை. சிவப்பு, இடது கை. அந்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளை ஒருவர் தானாகவே தேறி வலது கையால் சாப்பிட்டிருந்தார். சிவப்பில் இரண்டு மூன்று பேர் அப்படியே இருந்தார்கள். மற்றபடி பூக் கட்டின கைகள் சோற்றைப் பிசைந்தன. கட்டாத கைகளில் அநேகம் மடியில் கிடந்தன.

"கடைசி இலை. சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்து சாப்பிட்டார். இடது கை" என்றார் வாத்தியார்.

"முத்திருளன். வெள்ளை" என்றார் டாக்டர்.

அப்பாடா என்று அவள் மனது சொன்னது. சொன்ன அடுத்த கணம் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஒரு மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இடது கையால் சாப்பிட்டது அவள் கட்சி ஜெயிக்க உதவியிருக்கிறது. அதற்கு ஓர் அப்பாடா. அவனும் அவள் முகம் வாடக் கூடாது என்றுதானே வாராவாரம் "நல்லா இருக்கும்மா" என்றான். ஜன்னலைச் சாத்தச் சொன்ன வாய் இதுதான்.

டாக்டர் வெளியே வந்தார். "ரூம் உங்களுக்குத்தான் சிஸ்டர். காலராவுக்குக் கொட்டகை போட்டுக்கிறேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய நிறுத்தினது நீங்க மட்டும் இல்லை. நானும்தான்."

அன்றைக்கே அவள் முத்திருளனைத் தேடிப் போனாள். வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தான்.

"வாங்கண்ணே உள்ள."

"சாமி வேணாம்னு சொல்லிருச்சேம்மா."

"சாமி வேணாம்னு சொல்லலை. யாரு முன்ன, யாரு பின்னன்னுதான் நாங்க கேட்டோம். அதை ஒழுங்காச் சொல்லாம பூவைக் கையில குடுத்தது எங்க தப்பு. அன்னைக்கு நாரைப் பிடுங்கினதுக்கு நீங்க என்னை வையணும்."

அவன் வையவில்லை. எழுந்து துண்டை உதறினான். "வாரேன்" என்றான்.

ஆனால் தேங்கிப்போன கை. மற்றவர்கள் தையில் தொடங்கியதை அவன் சித்திரையில் தொடங்கினான்; விரல்கள் அதற்குள் ஒன்றோடொன்று கட்டியாகியிருந்தன. நார் நழுவும், மொட்டு நசுங்கும். வீட்டுக்குப் போயிருந்த விருமாண்டிகூட ஒருநாள் வந்து எதிரே உட்கார்ந்து, "நாரை நனைச்சுக்க மாப்ள, அப்பத்தேன் பேச்சுக் கேக்கும்" என்று கட்டிக் காட்டிவிட்டுப் போனான். பக்ருன்னிசா தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்நீரில் விரலை நனைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

கணக்கு முடிந்துபோன பிறகும் அவளால் வெள்ளிக்கிழமைக் கேள்வியை விட முடியவில்லை. "கை எப்படி இருக்குண்ணே?"

"நல்லா இருக்கும்மா" என்பான். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

வைகாசி போயிற்று. ஆனி போயிற்று. நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கும்மா. ஒச்சாயி ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அங்கிட்டுத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். இனி இந்தக் கை இவ்வளவுதான், நாம் வாங்கிய கடன் இது என்று பக்ருன்னிசா ஏறக்குறைய முடிவுகட்டிவிட்டாள். ஆனாலும் வெந்நீர் வைப்பதை நிறுத்தவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. முத்திருளன் கூடத்து மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவள் வரும் சத்தம் கேட்டதும் மடியில் இருந்ததைத் துண்டால் மூடினான். துண்டுக்கு வெளியே ஒரு சாண் சரம் எட்டிப் பார்த்தது.

"கை எப்படி இருக்குண்ணே?"

அவன் நிமிரவில்லை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான்.

"என்னத்தம்மா இருக்கு" என்றான். "அப்படியேதான் கெடக்கு. ஒரு மாத்தமும் இல்ல."

"சரிண்ணே, பாப்போம்" என்றாள் பக்ருன்னிசா. வேகமாக வராந்தாவுக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள்.

ரவுண்டுக்கு வந்த டாக்டர் வெள்ளைத்துரை பதறிப்போனார். "என்ன சிஸ்டர், என்ன ஆச்சு?"

"முத்திருளண்ணன் கை டாக்டர். அப்படியேதான் கெடக்காம். ஒரு மாத்தமும் இல்லையாம்."

டாக்டர் ஜன்னல் பக்கம் போய் உள்ளே பார்த்தார். பிறகு திரும்பி வந்து, யாரும் கேட்டுவிடாமல், தணிந்த குரலில் சொன்னார்:

"மெதுவாச் சொல்லுங்க சிஸ்டர். யாரு கண்ணாவது பட்டுறப் போகுது."